பாதியில் நிறுத்தப்பட்ட பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேலிப் பாடல்கள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்களும் பாட்டெழுதி ஊரைக் கேலி செய்யக் கிளம்பிவிட்டார்களே, இது நம் மரபில் இல்லையே என்று கட்டுரையாளர் வருந்தியிருக்கிறார். மரபில் இருக்கிறது, ஐயா. தொண்டைமானின் படைக்கருவிகள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று, மன்னன் தொண்டைமானைப் புகழ்வதுபோலப் போர் காணாதவன் என இகழ்ந்தவர் சங்கப் புலவர் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. இப்படி மறைத்துப் பழிப்பதற்குத் தொல்காப்பியம் ‘பழிகரப்பு’ என்று பெயரே வைத்திருக்கிறது.

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் மகள் படிக்கும் கல்லூரியின் ஆண்டு விழாவில் மாணவர்கள் ஒரு நகைச்சுவைப் பாட்டுப் பாடினார்கள். காதலை மறுத்தவள் பணத்தாசை பிடித்தவள். ஏற்றவள் ஒழுக்கம் கெட்டவள். முடிவில் தாயைத் தெய்வமாக்கி ஒரு சரணம். அரங்கமே கைதட்டியது. அடுத்து மேடையேறிய என் மகளும் தோழிகளும் அதே மெட்டில், பெண்ணுக்கு ஊர் சொல்லும் புத்திமதிகளை அடுக்கினார்கள். சிரிக்காதே, முகத்தைத் தூக்கியும் வைத்துக்கொள்ளாதே. படி, கணவனைவிட அதிகம் படித்துவிடாதே. சம்பாதி, கணக்குக் கேட்காதே. இரண்டாவது சரணத்திலேயே மைக்கை அணைத்துவிட்டார்கள். “பெண் பிள்ளைகள் பாடுகிற பாட்டா இது?” என்று அதட்டியவர், சற்றுமுன் முதல் வரிசையில் எழுந்து நின்று கைதட்டியவர்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைகள் சொந்தமாக ஒரு வசவுகூடச் சேர்க்கவில்லை. அன்றாடம் காதில் விழுவதைத்தான் திருப்பிப் பாடினார்கள்.

இது நம் ஊரோடு நிற்பதும் இல்லை. 2013இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவிகள், அரைகுறை ஆடையில் பெண்களை உலவவிட்ட ஒரு பிரபலப் பாடலைக் கேலி செய்து, ஆண்களை அதே கோலத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். பொருத்தமற்றது என்று புகார் வரவே யூடியூப் அதை நீக்கியது. பிறகுதான் மீண்டும் அனுமதித்தது. மூலப் பாடலோ அந்த ஆண்டு உலகெங்கும் ஒலித்தது.

பெண்கள் பாடியதைக் குறைசொல்லும் கட்டுரைக்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். பெண்கள் பாடிய பாட்டு ஒன்றையாவது முழுதாக வெளியிடுங்கள். அன்று பாட முடியாமல்போன மூன்று சரணங்களும் என் மகளின் நோட்டில் இருக்கின்றன. கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி