சுரண்டுவதற்கு முன் பூவேலையைப் பார்

அன்பு மகளுக்கு,

கணப்படுப்பின் மரச்சட்டத்தைக் கழற்றிக் காரத் தொட்டியில் முக்கிப் பெயிண்டை எடுத்துவிடலாம் என்று பெயிண்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம். சட்டத்தின் மேல் புடைப்பாக இருக்கும் அந்த மாலையும் பூச்சாடியும் எதில் செய்தவை என்று முதலில் பார்.

உன் வீட்டைப்போல் 1800-ஐ ஒட்டிக் கட்டிய, ஃபெடரல் பாணி என்னும் பழைய அமெரிக்கப் பாணி வீடுகளில் இந்தப் பூவேலை இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, மரத்தில் உளியால் செதுக்கியது. உங்கள் மாசசூசெட்ஸ் சேலம் ஊர்க்காரர், மரச் சிற்பி சாமுவேல் மெக்கிண்டையர் (1757–1811) அதில் கைதேர்ந்தவர். கோதுமைக் கதிர்க்கட்டும் பழக்கூடையும் அவர் கைவரிசை. மற்றது காம்போ என்னும் அச்சுக் கலவை. சாக்பீஸ் போன்ற சுண்ணத்தூள், வஜ்ஜிரப் பசை, பிசின், ஆளிவிதை எண்ணெய் நான்கையும் சூடாகப் பிசைந்து, அச்சில் அழுத்தி எடுத்து, இளக்கம் போவதற்குள் மரத்தில் ஒட்டிவிடுவார்கள். மேலே பெயிண்ட் ஏறிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார். காம்போ காலப்போக்கில் சுருங்குவதால் மாலையின் குறுக்கே மயிரிழை விரிசல்கள் வரிசையாக ஓடும். மரம் அதன் ரேகையோடுதான் வெடிக்கும். இடப்பக்கப் பூவும் வலப்பக்கப் பூவும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் அச்சில் எடுத்ததுதான். அப்படியானால் காரத்தில் வஜ்ஜிரம் கரைந்து பூ கூழாகிவிடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் ஆகாது, சூட்டில் இளகும். போதாததற்கு அடியில் ஈயப் பெயிண்ட் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுக்கு அதைத் தடை செய்ததே 1978-ல்தான். உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசு வீடெல்லாம் படியும். வெறும் சட்டத்தை மட்டும் ஈரம் தெளித்துச் சுரண்டட்டும், பூவேலையைத் தொட வேண்டாம்.

உச்சி மாடி ஜன்னல்கள் குட்டையாக இருப்பது பிழையில்லை. எசெக்ஸ் தெருவில் 1804-ல் கட்டிய கார்ட்னர்-பிங்ரீ மாளிகையிலும் அப்படித்தான், போய்ப் பார். கண்ணாடிகளுக்கு நடுவே ஓடும் கட்டைகள் மெலிசு, இரட்டைக் கண்ணாடியைத் தாங்காது. குளிருக்கு வெளிப்பக்கம் தனியாக ஸ்டார்ம் விண்டோ என்னும் இன்னொரு ஜன்னல் போட்டுக்கொள்.

எனக்குப் பெரிய கவலை கொத்தனாரைப் பற்றித்தான். செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூச விடாதே. அந்தக் காலச் செங்கல் மெத்தென்றிருக்கும். சிமெண்ட் இறுகி அடைத்துக்கொண்டால் ஈரம் இடுக்கு வழியே போக முடியாமல் செங்கல்லில் தங்கி, பனியில் உறைந்து விரிந்து, முகத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு போதும். பழைய கலவையை இடுக்கின் அகலத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு உளியால் எடுக்கச் சொல். கிரைண்டர் வைத்தால் செங்கல்லின் ஓரம் போய்விடும், அப்புறம் செங்கற்களுக்கு நடுவே இருக்கும் அந்த மெல்லிய கலவைக் கோடு திரும்ப வராது. கால் அங்குலம் கால் அங்குலமாக அழுத்தி நிரப்பி, சில நாள் ஈரச் சாக்கு போட்டு மூடி வைக்க வேண்டும். சுண்ணாம்பு இறுக நாள் பிடிக்கும், நடுவில் உறைபனி விழுந்தால் உதிர்ந்துவிடும். செப்டம்பருக்குள் முடியாது என்று கொத்தனார் சொன்னால் வேலையை அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிப் போடு.

அன்புடன்,
அப்பா