ஊஞ்சல் கட்டிய முடிச்சு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது மூன்று நிமிஷம். அதற்குள் நாலு தடவை "நல்லா இருக்கேன்பா" என்றாய். போனை வைத்த பிறகு அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். 1988-ல், நீ இப்போது இருக்கிற இதே சில்கா கடற்படைப் பயிற்சி மையத்திலிருந்து உன் ஆச்சிக்கு நான் போட்ட ஒவ்வொரு இன்லேண்ட் லெட்டரிலும் "நலமாக இருக்கிறேன்" என்றுதான் இருக்கும்.

இதுவரை உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி டிரங்குப் பெட்டியை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாலுகாவ் ஸ்டேஷன் பக்கம்தானே, எப்படியாவது மெட்ராஸ் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று நினைப்பு. விடியற்காலை விசில் ஊதினார்கள். பழக்கத்தில் எழுந்து ஓடி வரிசையில் நின்றுவிட்டேன். பெட்டி அப்படியே கிடந்தது.

எனக்கு இரண்டு பயம். ஒன்று இந்தி. "தாஹினே முட்" என்றால் எல்லாரும் வலது பக்கம் திரும்புவார்கள், நான் மட்டும் எதிரே நிற்பவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டில் பீகார்க்காரப் பையன்தான் என் இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டி, "இது பாயே" என்றான். பத்து நாள் அந்தக் கயிறைப் பார்த்தே திரும்பினேன். அப்புறம் அது தேவைப்படவில்லை.

இன்னொன்று தண்ணீர். கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவனுக்குக் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர்தான் தெரியும். உனக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்காமல் விட்டது என் தப்பு. சரி, இப்போது கேள். குளத்துக்குள் மூச்சை அடக்காதே. அடக்கினால்தான் நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும், பயமும் கூடும். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாகக் குமிழி குமிழியாக மெதுவாக விடு. பத்துத் தடவை செய். பதினோராவது தடவை உடம்பு தானாக லேசாவது தெரியும். கை கால் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். தெரியவில்லை என்று பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடு. அதை மறைத்துத்தான் நான் இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

தரையை டெக் என்றும் சமையலறையை கேலி (galley) என்றும் சொல்லச் சொல்வதாக அலுத்துக்கொண்டாய். கரையில் இருந்தாலும் அது ஐ.என்.எஸ். சில்கா, அதாவது பெயரிலேயே 'இந்தியக் கடற்படைக் கப்பல்', 1980-லிருந்து கப்பல் கணக்கில்தான் இருக்கிறது. நாளைக்கு நிஜக் கப்பலில் இருட்டில் யாராவது கத்தினால் யோசிக்க நேரம் இருக்காது. வாய்க்கு இப்போதே பழகட்டும்.

முடிச்சு வகுப்பு ஆரம்பித்துவிட்டதா? போலைன் (bowline) என்கிற முடிச்சு வந்தால் நன்றாகக் கவனி. பின்வாசல் வேப்பமரத்தில் உனக்கு ஊஞ்சல் கட்டினேனே, அது போலைன்தான். எவ்வளவு பாரம் ஏறினாலும் அந்தக் கண்ணி இறுகாது, நழுவாது. பாரம் இறங்கியதும் விரலால் தள்ளினால் அவிழ்ந்துவிடும். நீ ஆறு வருஷம் ஆடியது சில்காவில் நான் கற்ற முடிச்சை நம்பித்தான்.

நான் அங்கே இருந்த காலத்தில் மாலுமி வரிசையில் ஒரு பெண்கூடக் கிடையாது. 2023 மார்ச் 28 அன்று முதல் அக்னிவீர் அணி, 270-க்கும் மேற்பட்ட பெண்களோடு, சூரியன் மறைந்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் அங்கே அணிவகுத்து நடந்ததை நம் வீட்டு டிவியில் பார்த்தோம். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, உள்ளங்கை கீழே சாய்கிற கடற்படை சல்யூட்டைச் சரியாக அடித்துக் காட்டினாய். ராணுவத்து சல்யூட் வேறு, இது வேறு என்று உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு நான் முகம் கழுவப் போனது எதற்கென்று இப்போது தெரிந்துகொள்.

குதிகால் கொப்புளத்தை உடைக்காதே. ராத்திரி காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் படு. ஈரச் சாக்ஸோடு பூட்ஸ் போடவே போடாதே. ரொட்டி பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளாதே.

உன் பயிற்சி முடிகிற அணிவகுப்புக்கு நானும் அம்மாவும் வருகிறோம். ஏரிக்கரையை ஒட்டி ரயில் போகும்போது அவளுக்கு ஜன்னலோரம் தர வேண்டும்.

வருகிற ஞாயிறு "நல்லா இருக்கேன்" வேண்டாம் பாப்பா. தண்ணீருக்குள் எத்தனை எண்ணும் வரை மூச்சு விட முடிந்தது, அதை மட்டும் சொல்.

அன்புடன்,
அப்பா