கார்த்தூமில் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சூடான் தலைநகர் கார்த்தூமில் சண்டைக்கு நடுவில் சிக்கியிருந்த நானும் மனைவியும் மகளும் நல்லபடியாகத் திருச்சி வந்து சேர்ந்துவிட்டோம். எங்களுக்காகத் தவித்தவர்கள், வேண்டிக்கொண்டவர்கள், யார் யாரையோ பிடித்து விசாரித்தவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒவ்வொருவரிடமும் பேச இன்னும் தெம்பு வரவில்லை, அதனால் இந்த மடல். அங்கே நடந்ததை நீங்கள் டிவியில் எங்களைவிட அதிகமாகவே பார்த்திருப்பீர்கள். எங்களுக்குத்தான் கரன்ட் இல்லை.

முதலில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் போட மாட்டேன். கார்த்தூமை ஒட்டிய பஹ்ரியில், நாங்கள் இருந்த ஊரில்தான், அவர் இன்னும் இருக்கிறார். தெருவில் உதவி செய்து திரிகிற பையன்களை அங்கே சண்டை போடுகிற ராணுவம், ஆர்எஸ்எஃப் என்கிற துணைப்படை, இரண்டு தரப்புமே சந்தேகமாகப் பார்க்கிறது.

2023 ஏப்ரல் 15, சண்டை தொடங்கிய அன்றே பஹ்ரியின் குடிநீர் நிலையம் நின்றுபோனது. தண்ணீரையாவது கொஞ்சம் சேமித்து வைத்திருந்தோம். போனில்தான் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது. ரீசார்ஜ் கார்டு விற்கிற கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஊரிலிருந்து வருகிற அழைப்பு பாதி நேரம் கிடைக்காது, கிடைத்தாலும் அறுந்துபோகும். தூதரகத்தில் பெயர் பதியவேண்டும், எங்கே எப்போது வரச்சொல்கிறார்கள் என்று கேட்கவேண்டும். ஒரு அழைப்புக்கு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. யாரோ என் எண்ணுக்கு பேலன்ஸ் மாற்றிவிட்டிருந்தார்கள். அனுப்பிய எண் தெரியாத எண். தவறிப்போய் வந்திருக்கும், திருப்பிக் கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். மனைவி, "கேட்கட்டும், முதலில் பேசுங்கள்" என்றாள். பேசினேன். பெயரைப் பதிந்தேன். அம்மாவிடமும் ஒரு நிமிஷம் பேசிவிட்டேன்.

சாயங்காலம் கேட்டைத் தட்டினார் அந்தத் தம்பி. தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். போகும்போது ஸலாம் சொல்வதோடு சரி, அதற்குமேல் பழக்கமில்லை. எங்கள் வாட்ச்மேனிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் அவருக்கு பேலன்ஸ் போட, அதைப் பிரித்துப் பிரித்துத் தெருவில் யாரிடம் இல்லையோ அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பணம் நீட்டினேன், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பாப்பாவுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். ரமலான் மாதம், அவர் நோன்பு. உதடு வெடித்திருந்தது.

அப்புறம் தினமும் வந்தார். எந்தச் சந்தில் ஆர்எஸ்எஃப்காரர்கள் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் விமானம் குண்டு போடுகிறது, எந்த ரொட்டிக்கடை திறந்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஆட்சியை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடிய மக்கள் குழுக்கள் அங்கே உண்டு; அந்தப் பேட்டையின் எதிர்ப்புக் குழுவில் இவரும் இருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறாரே என்று கேட்டபோது, கண்ணீர்ப்புகைக் குண்டு பட்ட கால் என்றார். 2019இல் மக்களாட்சி கேட்டு ராணுவத் தலைமையகத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இவரும் ஒருவர். ஜூன் 3 அன்று அந்தக் கூட்டத்தைச் சுட்டுக் கலைத்தபோது நண்பரைப் பறிகொடுத்திருக்கிறார். 2021 அக்டோபரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மறுபடியும் தெருவுக்கு வந்திருக்கிறார்.

இங்கே வந்ததிலிருந்து பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: ராணுவத் தளபதி புர்ஹான் நல்லவரா, ஆர்எஸ்எஃப் தலைவர் ஹமேத்தி நல்லவரா, யார் ஜெயிப்பார்? எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. 30 வருஷம் ஆண்ட அதிபர் பஷீர் 2019இல் விழுந்தபின் நாட்டை மக்களிடம் தரப்போவதாகச் சொன்னவர்கள் இவர்கள். 2021 அக்டோபர் 25 அன்று பிரதமர் ஹம்தோக்கை வீட்டுக்காவலில் வைத்து அமைச்சரவையைக் கலைத்தார் புர்ஹான். அன்று அவருக்குத் துணையாக நின்றவர்தான் ஹமேத்தி. ஆர்எஸ்எஃப் படையை ராணுவத்தோடு சேர்க்க 2 வருஷம் போதும் என்றது ராணுவம், 10 வருஷம் வேண்டும் என்றது ஆர்எஸ்எஃப்; அந்தத் தகராறும் சேர்ந்துதான் சண்டையானது. இப்போது நாட்டுக்கு நானே தலைவன், எதிரில் இருப்பவன் கலகக்காரன் என்கிறார் ஒருவர். அவரைக் குற்றவாளி என்கிறார் மற்றவர். நாடு முழுவதும் என்னுடையது என்று சொல்கிற இந்த இருவரில் யாருடைய ஆளும் நாங்கள் இருந்த தெருவுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரவில்லை. யார் ஜெயிப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தம்பியின் போனுக்கு இன்று சார்ஜ் இருக்குமா என்பதுதான் என் கவலை.

72 மணி நேரப் போர்நிறுத்தம் வந்த அன்று பஸ் நிற்கிற இடம்வரை மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீங்களும் வாருங்களேன் என்றேன். தெருவில் நடக்க முடியாத பாட்டிகள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை குறைவாக இருப்பதாக நினைக்கவேண்டாம். குண்டுச் சத்தத்துக்கு நடுவிலும் போனை எடுத்துப் பொறுமையாகப் பேசிய தூதரக ஊழியர்கள், போர்ட் சூடான்வரை 800 கிலோமீட்டருக்கு மேல் கண்ணயராமல் ஓட்டிய டிரைவர், ஐஎன்எஸ் சுமேதா கப்பலில் மகளுக்குப் பிஸ்கட் கொடுத்துத் தங்கள் படுக்கையையும் விட்டுக்கொடுத்த கடற்படைத் தம்பிகள், ஜெட்டா இந்தியப் பள்ளியில் மெத்தை விரித்துச் சோறு போட்டவர்கள், இந்தியர்களை மீட்ட ஆபரேஷன் காவிரியில் முகம் காட்டாமல் வேலை பார்த்த அத்தனை பேர், டெல்லியிலிருந்து சென்னைக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்து விமான நிலையத்தில் காத்திருந்த தமிழ்நாடு அரசு அதிகாரிகள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த மலையாள நண்பர்களே, பஸ் டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த பணத்தை இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன்.

அந்தத் தம்பிக்குத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. இங்கிருந்து அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து பார்க்கிறேன். சில சமயம் போகிறது, சில சமயம் போகவில்லை. ஆனால் நம் ஊர்க் கல்லூரிகளில் சூடான் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2023 சண்டையில் கார்த்தூமில் வங்கிகள் மூடியதால் அவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் வருவது நின்றுபோனது. மறுபடி வேலை கிடைத்ததும் அப்படி ஒரு பிள்ளைக்கு, படிப்பு முடிகிறவரை, ரூம் வாடகை நான் கட்டுவதென்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். அதுவரை சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கே வரலாம். திருச்சிப் பக்கம் அப்படி யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். நான் கொஞ்சம் அரபி பேசுவேன்.