ஏசிக்குக் கேஸ் ஏற்றும் முன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். அவர்கள் அறை ஏசி குளிரவில்லை என்றதும் மெக்கானிக் கடையில் போனிலேயே "கேஸ் இறங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டார்களாக்கும்! ஏசியைக் குளிரவைக்கும் இந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற சரக்கு இல்லையப்பா. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ஏற்றினால் அடுத்த கோடைக்கும் அதே செலவுதான்.

முதலில் ரிமோட். திரையில் பனிப்பூ படம் இருந்தால் கூல். நீர்த்துளி இருந்தால் டிரை, அதில் அறை சரியாகக் குளிராது. கரண்ட் போய் வந்தால், கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிஷம் ஆகும், அதற்குள் பதறாதே.

அடுத்தது பில்டர். அறைக்குள் இருக்கும் இண்டோர் பெட்டியின் மூடியைத் தூக்கி வலைகளை உருவி, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் பாய்ச்சு. தூசி வந்த வழியே போய்விடும். நிழலில் காயவை, வெயிலில் வைத்தால் சட்டம் வளையும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது வேண்டும். பில்டர் அடைத்தால் காற்றுக் குறைந்து, உள்ளே கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான காயிலில் ஐஸ் கட்டும். கட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாதே, காயில் ஓட்டையானால் கேஸ் முழுக்கப் போய்விடும். ஃபேன் மோடில் இரண்டு மணி நேரம் ஓட விடு, தானே உருகும்.

வெளியே இருக்கும் அவுட்டோர் பெட்டியை, ஏசிக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டுக் கழுவு. ஹோஸ் தண்ணீர் போதும். வண்டி கழுவும் பிரஷர் பம்ப் அலுமினியத் தகடுகளை மடக்கிவிடும். எதிரே துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடு.

இதெல்லாம் முடிந்ததும் வெப்பநிலையை மிகக் கீழே வைத்து 20 நிமிஷம் ஓட்டு. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் ஏசி அப்போதுதான் முழு வேகத்தில் போகும். இண்டோரின் மேலே உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் ஒரே தெர்மாமீட்டரால் அள. வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் மெஷின்மேல் பெரும்பாலும் குற்றமில்லை. மேற்குச் சுவர் வெயிலையும் கதவிடுக்கையும் பார். பில்டர் சுத்தமாக இருந்தும் வித்தியாசம் குறைந்து, ஐஸும் திரும்பக் கட்டினால் கேஸைச் சந்தேகப்படலாம். அவுட்டோரில் குழாய் சேரும் நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா பார். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து கசியும்.

உள்ளே தண்ணீர் சொட்டுவது வேறு கதை. பெரும்பாலும் அந்தத் தண்ணீரை வெளியே விடும் டிரெய்ன் பைப்பில் பாசி, அல்லது அதன் நுனி வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கும்.

பிளக்கில் கருகல் வாடை, அடிக்கடி எம்சிபி விழுவது, அவுட்டோர் "ம்ம்" என்று முனகிக் கிளம்பாமல் நிற்பது — இவற்றில் மட்டும் கை வைக்காதே. முனகலுக்குப் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் காரணம். கரண்டை அணைத்த பிறகும் அதில் ஷாக் தங்கியிருக்கும்.

ஆள் வந்தே ஆகவேண்டுமென்றால் கசிவை நைட்ரஜன் அழுத்தத்தில் தேடச் சொல். அடைத்தபின் குழாயிலுள்ள காற்றை உறிஞ்ச வேக்கம் பம்ப் போட்டு, அவுட்டோர் லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி தராசில் எடைபோட்டு ஏற்றட்டும். லேபிளில் கேஸ் வகை ஆர் 32 என்றிருந்தால் பக்கத்தில் நெருப்பு கூடாது, அது தீப்பற்றும்.

அளந்த இரண்டு எண்ணையும் மறக்காமல் எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராஜா