நீ எட்டாம் வகுப்பில் கேட்ட கேள்வி

ரேக்யவிக், ஐஸ்லாந்து

கண்ணம்மா,

இரவு பத்தரை ஆகிறது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. அப்பா திரையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டார். நீ பதிவு செய்து கொடுத்த ஒருநாள் சுற்றுலா முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

முதலில் திங்வெட்லிர். பூமியின் மேலோட்டில் வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கும் இடம். பாறைப் பிளவுக்குள்ளேயே நடைபாதை போகிறது. 930-லேயே அங்கே திறந்தவெளியில் நாடாளுமன்றம் கூடியிருக்கிறார்கள். காற்று தாங்காமல் சீக்கிரம் பஸ் ஏறிவிட்டோம்.

அப்புறம் கெய்சிர் என்ற, வெந்நீர் பீறிடும் ஊற்று. முப்பது வருடம் கரும்பலகையில் நான் எழுதிய 'கெய்சர்' என்ற சொல்லே இந்த ஊற்றின் பெயரிலிருந்து வந்ததுதான். அது இப்போது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் ஸ்ட்ரோக்கூர்தான் ஆறிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடுகிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து தடவை பார்த்தேன். குழியில் தண்ணீர் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். திடீரென்று எண்ணெயில் பூரி உப்புவதுபோல் நடுவில் உப்பும், இளநீலமாக. கண் சிமிட்டுவதற்குள் வெடித்துத் தென்னை உயரத்துக்குப் போய்விடும்.

"சுடுதண்ணி வழிஞ்சு வந்தா போதாதா, ஏன் வெடிக்கணும்?" என்று எட்டாம் வகுப்பில் கேட்டாயே. பரீட்சைக்கு இவ்வளவு போதும் என்று உன்னை உட்கார வைத்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது சொல்கிறேன், கேள். குழியின் அடியில் இருக்கும் தண்ணீரை மேலே இருப்பது அழுத்திக்கொண்டிருக்கிறது. அதனால் குக்கருக்குள் நடப்பதுபோல் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிப்பதில்லை. கடைசியில் கொஞ்சம் நீராவி கிளம்பி மேல்தண்ணீரைத் தள்ளிவிட்டால் அழுத்தம் குறைகிறது. உடனே அடித்தண்ணீர் சட்டென்று கொதித்து ஆவியாகி, மேலே இருப்பதை அள்ளி எறிகிறது. அந்த நீல உப்பல் மேலேறி வரும் ஆவிதான்.

கடைசியாக குட்ல்ஃபோஸ் அருவி. இரண்டு படியாக 32 மீட்டர் விழுகிறது. அங்கே சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் என்ற பெண்ணின் முகம் செதுக்கிய கல் ஒன்று இருக்கிறது. அருவியில் மின் நிலையம் கட்ட வந்தவர்களை எதிர்த்து, ரேக்யவிக் வரைக்கும் நடந்தே போய் வழக்காடினாராம். கட்டினால் அருவியில் குதித்துவிடுவேன் என்றாராம். அவருக்கு உதவிய வக்கீல் ஸ்வெய்ன் பியோர்ன்சன் 1944-இல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். அந்தக் கல்லை விட்டு வரவே எனக்கு மனசில்லை.

இங்கே குழாயில் வரும் வெந்நீரும் பூமிக்கடியிலிருந்து வருவதுதான், லேசாகக் கந்தக வாடை அடிக்கிறது. இரண்டு நாள் குளித்ததில் என் மெட்டி கறுத்துவிட்டது. வெள்ளியைக் கழற்றி வைக்கும்படி கைடு சொன்னார், நான் கழற்றவில்லை. ஊருக்குப் போய் விபூதி போட்டுத் தேய்த்துக்கொள்கிறேன்.

அம்மா