கலங்கலில் மணல் மூட்டை வேண்டாம்: எங்கள் ஏரி ஆயக்கட்டுதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்ததும், ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடக் கட்டிய கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்குவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் கதிர் முற்றும் வரை கவலையில்லை என்ற கணக்கு எனக்கும் தெரியும். என் நிலமும் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில்தான் கிடக்கிறது.

ஆனால் நம் ஏரிக்கரை வெறும் மண். மண் கரை மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே வந்து கரையையே உடைத்துவிடும். அது நடக்காமல் இருக்கத்தான் கலங்கல். அதன் மேல் இரண்டு அடி உயரத்துக்குப் பாய வேண்டிய வெள்ளத்துக்கு ஓர் அடியை அடைத்துவிட்டால், பாதியாவது போகும் என்று நினைக்கிறோம். போகாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். மிச்சம் கரையைத் தேடி வரும்.

1977-இல் வேடசந்தூர் பக்கம் குடகனாறு அணை உடைந்ததும் வெள்ளம் மண் கரை மேல் ஏறியதால்தான். மின்சாரம் போய்விட்டது, கதவுகளை முழுதாகத் தூக்க முடியவில்லை. அங்கே திறக்கப் போராடினார்கள். நாம் கைக்காசு போட்டு அடைக்கிறோம்!

தண்ணீரைக் கூட்டி நிறுத்தும் ஆசை முன்னோருக்கும் இருந்தது. பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் ஓய்ந்த பிறகு அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் (புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி) களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். அவர்கள் அடைத்தது மழைக்குப் பின், நாம் அடைப்பது மழைக்கு முன்.

ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் நீர்பிடிப்பில் பயிர் வைத்திருப்பவர்கள், அது மூழ்காமல் இருக்க ராத்திரியில் கலங்கலை இடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அதுவும் அக்கிரமம்தான், பஞ்சாயத்தில் பேசுவோம். அதற்குப் பதிலடி மூட்டை அல்ல.

நீர்மட்டம் ஏறினால் கசிவும் கூடும். இலங்கையில் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20-இல் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதற்குக் கரைக்குள் ஓடிய கசிவையே காரணமாகச் சொல்கிறார்கள். நம் கரையில் சீமைக்கருவேலம் வேரோடி, எலியும் நண்டும் வளை தோண்டியிருக்கின்றன. கரையின் வெளிப்பக்க அடியில் தெளிந்த கசிவு என்றால் கண் வைத்திருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்; அன்றைக்கே அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

நம் ஏரிக்குக் கீழே இன்னும் இரண்டு ஏரிகள் உண்டு. நமது உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் அவற்றின் கரையில்தான் போய் மோதும்.

ஆகவே அடுத்த மழைக்குள் மூட்டைகளை எடுத்துவிடுவோம். ஆள் கூலியை மீன் குத்தகைப் பணத்தில் கொடுக்கலாம். மார்கழியில் மழை ஓய்ந்தால் குத்துக்கல் இடைவெளியை அடைக்க நானும் மண்வெட்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
கடைமடை ஆயக்கட்டுதாரர் ஒருவர்