வார்டுப் பயிற்சிக்கு வரும் மாணவர்களின் கவனத்திற்கு: கழிவுப் பைகள்

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். திங்கட்கிழமை முதல் உதகையில் வார்டுப் பயிற்சி தொடங்கும் செவிலிய மாணவர்கள், 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை ஒருமுறை படித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆனால் மருந்து அட்டைப்பெட்டியையும் உணவுப் பொட்டலத்தையும் எரிக்க வேண்டிய தொற்றுக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டுவிட்டால், அவையும் எரியுலைக்கே போய்ச் சேரும். கையுறை, குளுக்கோஸ் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை எரிக்காமல் கையாளப்படும் சிவப்புப் பைக்குரியவை. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும் என்பது இப்பிரிப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஊசிகள் வெள்ளைக் கலனுக்கும் கண்ணாடி மருந்துக் குப்பிகள் நீலக் கலனுக்கும் உரியவை.

சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது விதி; மலைப்பாதையில் மண் சரிந்து கழிவு எடுக்கும் வண்டி வராத மழைநாட்களில் இதைக் காப்பது எளிதன்று என்பதால், பையின் எடையைக் குறைப்பதே நம் கையில் உள்ளது. தொற்று எச்சரிக்கை இல்லாத நோயாளியின் நாடியைப் பார்க்கக் கையுறை தேவையில்லை (பழக்கத்தில் நாங்களும் அணிந்ததுண்டு). குடிநீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வரவும்.